நம்ம ஊர் நகர்ப்புறமா, கிராமமா? குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு விண்ணப்பம் எதை எடுத்தாலும் 'நகர்ப்புறம்' என்று ஒரு கட்டம், 'ஊரகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மற்ற மாவட்டங்களில் யோசிக்காமல் ஒன்றை டிக் செய்துவிடுகிறார்கள். குமரி மாவட்டத்தில்தான் பேனா அந்தரத்தில் நிற்கும். வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளி). ஆனால் வரி ரசீதில் 'பேரூராட்சி'. இந்தக் குழப்பத்தில் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

'நகர்ப்புற' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நகரத்தைச் சார்ந்த, நகரத்தில் உள்ள என்று பொருள். நகர்ப்புற மக்கள், நகர்ப்புற வறுமை, நகர்ப்புற உள்ளாட்சி என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். எதிர்ச்சொல் 'ஊரக' அல்லது 'கிராமப்புற'.

இது பேச்சு வழக்கு. அலுவலகக் கோப்பில் இதே சொல் ஒரு பட்டியலின் பெயர். ஊர் எப்படி இருக்கிறது என்பதைக் கோப்பு பார்க்காது, அந்தப் பட்டியலில் பெயர் உண்டா என்றுதான் பார்க்கும். அதிலும் சென்சஸுக்கு ஒரு பட்டியல், ரிசர்வ் வங்கிக்கு இன்னொன்று, வருமான வரித் துறைக்கு வேறொன்று. ஒரே வீடு ஒரு பட்டியலில் நகர்ப்புறமாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கலாம். அதனால் 'நகர்ப்புறமா' என்று யாராவது கேட்டால், எந்தக் கணக்குக்குக் கேட்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகர்ப்புறமும் புறநகரும் ஒன்றா?

இல்லை. சொற்கள் முன்பின் மாறினால் பொருளும் மாறிவிடும். நகர்ப்புறம் என்பது நகரம் உள்ள பக்கம். புறநகர் என்பது நகரத்துக்கு வெளியே, அதை ஒட்டி வளர்ந்த பகுதி. சென்னையில் புறநகர் ரயில் ஓடுவதால் அங்கே அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம். நாகர்கோவிலில் மனை விற்கும் நோட்டீஸைத் தவிர வேறு எங்கும் அந்தச் சொல்லைப் பார்ப்பது அரிது. அந்த நோட்டீஸ்கள் ஆரல்வாய்மொழி வரைக்கும் புறநகர் என்று சொல்லும், அது வேறு விஷயம்.

'நகர்புற' என்று எழுதலாமா?

கூடாது. 'ப்' வேண்டும்: நகர்ப்புற.

நகர, மாநகர, பெருநகர இதெல்லாம்?

'நகர' என்பது பொதுவான சொல். நகரப் பேருந்து, நகரக் கூட்டுறவு வங்கி என்று பழகிப்போன இடங்களில் 'நகர்ப்புற' போட்டால் இடறும். 'மாநகர' என்றால் மாநகராட்சி உள்ள ஊர். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. 'பெருநகர' என்பதற்கு அரசியல் சட்டத்திலேயே அளவு உண்டு, 10 லட்சம் மக்கள் வேண்டும். நாகர்கோவிலில் 2011 கணக்கெடுப்பின்போது சுமார் 2.25 லட்சம் பேர்தான். ஆக மாநகராட்சி உண்டு, பெருநகரம் இல்லை.

குமரி மாவட்டத்தில் எவ்வளவு பேர் நகர்ப்புற மக்கள்?

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம். அதில் 82 விழுக்காட்டுக்கும் மேல் நகர்ப்புறம். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் 48 விழுக்காடு, இந்தியா முழுக்க 31. முழுவதும் நகரமாக உள்ள சென்னைக்கு அடுத்து நாம்தான். வெளி மாவட்டத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்மூர்க்காரர்களும்தான்.

சுற்றிலும் தென்னையும் ரப்பருமாக இருக்கும் ஊர் எப்படி நகர்ப்புறம் ஆகிறது?

இதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று நாம் வீடு கட்டி வாழும் முறை, இன்னொன்று உள்ளாட்சி அமைப்பு.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் வீடுகள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கும், சுற்றி வயல். ஊர் எங்கே முடிகிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில்நாட்டு ஊர்களிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் கதையே வேறு. ஒவ்வொரு வீடும் தன் புரையிடத்துக்கு, அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்கு, நடுவில் நிற்கும். அடுத்து ஒரு விளை, அதில் இன்னொரு வீடு. இடையில் வேலி, கயாலை (மண் சுவர்), ஒற்றையடிப்பாதை. தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை சாலையில் போனால் வீடே இல்லாத இடம் என்று ஒரு நீளத்தைக் காட்டுவது கஷ்டம். ஒரு முக்கில் (சந்திப்பில்) இரண்டு டீக்கடை, ஒரு குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்), ஒரு பலசரக்குக் கடை. அடுத்த முக்குக்கு வேறு பெயர். ஊர்ப் பலகை மாறும், ஊர் மாறியது கண்ணுக்குத் தெரியாது. 2011-ல் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல் இருந்தார்கள். மலையும் காடும் சேர்த்து எடுத்த சராசரி இது என்பதால், சமவெளியில் நெரிசல் இன்னும் கூடுதல்.

இரண்டாவது காரணம்தான் எண்ணிக்கையைத் தூக்கிவிடுவது. மாநகராட்சி, நகராட்சி மட்டுமல்ல, பேரூராட்சியும் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி. குமரி மாவட்டத்தில் சுமார் ஐம்பது பேரூராட்சிகள் இருக்க, கிராம ஊராட்சிகள் நூறுக்கும் குறைவு. திற்பரப்பு, பொன்மனை, கடையால், அருமனை, பாகோடு, வேர்கிளம்பி எல்லாம் பேரூராட்சிகள். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போகும் பால்வெட்டுத் தொழிலாளி, பொன்மனையில் வசித்தால் அரசுக் கணக்கில் நகர்ப்புறத் தொழிலாளி. தமாஷாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான்.

ஒரு ஊரை நகர்ப்புறம் என்று சென்சஸ் எப்படி முடிவு செய்கிறது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்பு இருந்தால் வேறு கேள்வியே இல்லை, நேராக நகர்ப்புறம். கிராம ஊராட்சியாக இருந்தால் மூன்று நிபந்தனை பார்ப்பார்கள். மக்கள் 5,000-க்குக் குறையக் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். முழுநேரமாக உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது 'சென்சஸ் நகரம்'. கணக்கெடுப்பில் மட்டும் நகரம், நிர்வாகத்தில் தொடர்ந்து கிராம ஊராட்சி.

இதில் நம்மூர் சார்ந்த ஒரு சங்கதி உண்டு. சென்சஸ் அகராதியில் 'சாகுபடியாளர்' என்றால் நெல், பயறு போன்ற பயிர் வைப்பவர். ரப்பர், தென்னை, பாக்கு, தேயிலை போன்ற தோட்டப்பயிர்க்காரர்களை அந்த வரிசையில் சேர்க்காமல் 'பிற தொழிலாளர்' என்று எழுதிக்கொள்வார்கள். விளவங்கோட்டில் சாகுபடியாளர் எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்து, அங்கே மண்ணை நம்பி யாரும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கேயும் ஊர்கள் இப்படித்தானே? அங்கே என்ன சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. இதே புரையிடம், இதே ரப்பர், இதே முக்கு. ஆனால் களியக்காவிளை பேரூராட்சி, அதற்கு அப்புறம் வரும் பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. கேரளத்தில் பேரூராட்சி என்ற நடு அடுக்கே இல்லை. அங்கே பெரிய பெரிய ஊர்களும் கிராமப் பஞ்சாயத்தாகவே இருந்துகொண்டு, சென்சஸ் நிபந்தனைகளால் மட்டும் நகரக் கணக்கில் ஏறின. 2001-ல் 99 ஆக இருந்த கேரளத்துச் சென்சஸ் நகரங்கள் 2011-ல் 461 ஆயின. பத்தே ஆண்டில் அத்தனை ஊரும் நகரமாகக் கட்டி எழும்பவில்லை. இருந்த ஊர்களில் ஆட்கள் செய்யும் தொழில் மாறியது, கணக்கும் மாறியது. நடைமுறை வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பக்கத்துக்காரருக்குக் கிராமத்துக்கான திட்டங்கள் கிடைக்கும், இந்தப் பக்கத்துப் பேரூராட்சிக்காரருக்குக் கிடைக்காது.

என் ஊர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டுக்கு வரி கட்டிய ரசீதை எடுங்கள். மேலே 'ஊராட்சி' என்று மட்டும் இருந்தால் கிராமம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் நகர்ப்புறம். ஊராட்சியில் அதை வீட்டு வரி என்பார்கள், மற்ற மூன்றிலும் சொத்து வரி.

பட்டாவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், பெரும்பாலானோர் சறுக்குவது அங்கேதான். பட்டாவில் 'கிராமம்' என்று ஒரு வரி இருக்கும். அது வருவாய்த் துறையின் கிராமம். உள்ளாட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ளேயே கிராம நிர்வாக அலுவலர்கள் உண்டு.

தக்கலைப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் கேட்ட பேச்சு இது. வேர்கிளம்பியிலிருந்து வந்த பாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம், "மோளே, கிராமம்னு போடு. எங்க ஊர்ல காக்காயும் மரச்சீனியும் தவிர என்ன இருக்கு?" என்றார். அந்தப் பெண், "பாட்டி, தீர்வை எங்க கெட்டுதிய?" என்று கேட்டது. "பேரூராட்சி ஆபீஸ்ல." "அப்போ நீங்க டவுணு." பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "டவுணுன்னா எங்க வீட்டுக்கு நேரத்துக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லு, பின்ன டவுணுன்னு போடு." படிவத்தில் நகர்ப்புறம் என்றே ஏறியது. பஸ்ஸுக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

எங்கள் முகவரி மார்த்தாண்டம். மார்த்தாண்டம் நகராட்சியா?

அந்தப் பெயரில் நகராட்சி இல்லை. மார்த்தாண்டம் இருப்பது குழித்துறை நகராட்சியில். தக்கலையும் அப்படியே, அது பத்மநாபபுரம் நகராட்சிக்குள். திருவிதாங்கூரின் பழைய தலைநகரின் பெயர் நகராட்சிக்கு நிலைத்துவிட்டது, கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் தக்கலை என்ற பெயரோடு வளர்ந்தன. படிவத்தில் உள்ளாட்சியின் பெயரை எழுதுங்கள், முகவரியில் ஜனங்கள் சொல்லும் பெயரை எழுதுங்கள். கொல்லங்கோட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: கொல்லங்கோடு, ஏழுதேசம் இரண்டு பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-ல் நகராட்சி ஆகிவிட்டன. பழைய ஆவணங்களில் பேரூராட்சி என்றே இருக்கும்.

பேரூராட்சியில் இருந்தால் நூறு நாள் வேலை உண்டா?

கிடையாது. 2005-ல் வந்த சட்டத்தின்படி தொடங்கிய அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே. 'நகர்ப்புற' என்ற சொல் அதிகம் வலிக்கும் இடம் இதுதான். சாலைக்கு ஒரு பக்கம் ஊராட்சி, மறுபக்கம் பேரூராட்சி என்று இருக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய. அக்கா ஒரு பக்கம் வேலைக்குப் போவாள், தங்கச்சி எதிர்வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டு இருப்பாள். இருவருக்கும் ஒரே நிலம், ஒரே மழை.

இதே மாதிரி நிதிக் கணக்கு அரசுக்கும் புரிந்த காலம் ஒன்று உண்டு. 2004-ல் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளை எல்லாம் 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று மாற்றினார்கள். கிராம வளர்ச்சி நிதியைப் பெறலாம் என்பது நோக்கம். 2006-ல் ஆட்சி மாறியதும் பழையபடி பேரூராட்சி ஆயின. ஆக, ஒரு செங்கல் கூட இடம் மாறாமல் இரண்டு ஆண்டு கிராமமாக இருந்துவிட்டு நகர்ப்புறத்துக்குத் திரும்பிய ஊர்கள் நம்முடையவை.

வீடு கட்டும் திட்டம்?

பிரதமரின் வீடு திட்டத்தில் ஊரகத்துக்கு ஒன்று, நகர்ப்புறத்துக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பிரிவு. விதியும் தொகையும் வேறு, விண்ணப்பிக்கும் இடமும் வேறு. ஊராட்சி என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பேரூராட்சி என்றால் பேரூராட்சி அலுவலகம். மாற்றிப் போட்டால் அலைச்சல்தான்.

ரேஷனில் வித்தியாசம் உண்டா?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊரகத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு என்று அளவு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொது விநியோகம் என்பதால் நமக்கு அது தெரியவே தெரியாது.

உள்ளாட்சித் தேர்தலில் என்ன வேறுபாடு?

கிராம ஊராட்சிக்காரருக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நகர்ப்புறத்துக்காரருக்கு வார்டு கவுன்சிலர் என்ற ஒரே ஓட்டு. தலைவரையோ மேயரையோ கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். கிராம சபையும் ஊராட்சிகளில்தான். நகர்ப்புறத்துக்கு 2022-ல் பகுதி சபைக்கான விதிகள் வந்தன. ஆனால் குடியரசு தினத்தன்று கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் பழக்கம் அங்கே இன்னும் ஊறவில்லை என்பது என் எண்ணம்.

தென்னந்தோப்பை விற்கப் போகிறேன். விவசாய நிலத்துக்கு வருமான வரி இல்லை என்கிறார்கள். சரியா?

நிலம் 'ஊரக' விவசாய நிலமாக இருந்தால் சரி. நம் மாவட்டத்தில் பலர் இந்தப் பாதிச் செய்தியை நம்பி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள்.

விதி இப்படி. பெயர் எதுவானாலும் நகர்ப்புற உள்ளாட்சி ஒன்றின் எல்லைக்குள் நிலம் இருந்து, அந்த ஊரில் 10,000 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அது ஊரக விவசாய நிலம் ஆகாது. விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரும். எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரம் பார்ப்பார்கள். ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். அதற்கும் மேல் என்றால் 8. பஸ் போகும் வழியை அளக்க மாட்டார்கள், நேர்கோட்டில் காக்கா பறக்கும் தூரம்தான் கணக்கு.

இப்போது மாவட்ட வரைபடத்தை மனதில் விரித்துப் பாருங்கள். நாகர்கோவிலைச் சுற்றி 6 கிலோமீட்டர் போய்விட்டது. பேரூராட்சிகளில் பல 10,000-ஐத் தாண்டியவை, ஒவ்வொன்றையும் சுற்றி 2 கிலோமீட்டர் போகிறது. மேற்குப் பக்கத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கிராம ஊராட்சியில் இருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால் நிம்மதியாக இருக்க முடியாது, பக்கத்துப் பேரூராட்சியின் எல்லை எங்கே என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சாலைக்கு நிலம் எடுத்தால் இழப்பீட்டில் 'நகர்ப்புற' என்பது பாதிக்குமா?

பாதிக்கும். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சந்தை மதிப்பை ஒரு காரணியால் பெருக்குவார்கள். நகர்ப்புறத்தில் அது 1, ஊரகத்தில் 1 முதல் 2 வரை. சதுர அடிக் கணக்கில் விற்கும்போது 'டவுன் இடம்' என்று பெருமையாகச் சொல்லும் அதே சொல், நாற்கரச் சாலைக்கு நிலம் கொடுக்கும்போது கையைக் கடிக்கும்.

வங்கியில் 'செமி-அர்பன்' கிளை என்கிறார்கள். அது என்ன?

ரிசர்வ் வங்கி ஊர்களை நாலாகப் பிரிக்கிறது. 10,000-க்குக் கீழே கிராமம். 10,000 முதல் 1 லட்சத்துக்குள் செமி-அர்பன். 1 லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் நகர்ப்புறம். அதற்கு மேல் பெருநகரம். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் எல்லாம் செமி-அர்பனில் வரும், நாகர்கோவில் நகர்ப்புறம். சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்புத் தொகை இந்தப் பிரிவைப் பொறுத்து மாறும். மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கு இன்னொரு பிரிவு உண்டு: எக்ஸ், ஒய், இசட். 5 லட்சத்துக்குக் குறைந்த ஊர் எல்லாம் இசட். மாநகராட்சி ஆன பிறகும் நாகர்கோவில் இசட்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வைக் கவனியுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள் அதை எழுத முடியாது. பள்ளி இருக்கும் இடம்தான் கணக்கு.

பேச்சில் யாரும் 'நகர்ப்புறம்' என்று சொல்வதில்லையே?

ஏன் சொல்ல வேண்டும்? "டவுணுக்குப் போறேன்" என்றால் போதும். கிழக்கே இருப்பவர் சொன்னால் அது நாகர்கோவில், மேற்கே இருப்பவர் சொன்னால் மார்த்தாண்டம். நாகர்கோவிலுக்குள்ளேயே இருப்பவர்கள் ஊர்ப் பெயரைவிட வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம் என்றுதான் சொல்வார்கள். 'நகர்ப்புற' என்பது செய்தித்தாளுக்கும் படிவத்துக்கும் உரிய சொல். வீட்டில் அதைச் சொன்னால், யாரோ ஆபீசர் வந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்த கணக்கெடுப்பில் இதெல்லாம் மாறுமா?

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால்தான் மேலே எல்லாம் 2011 எண்ணிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்காக உள்ளாட்சி எல்லைகளை 2025 டிசம்பர் 31 நிலவரப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் இருந்ததோ, அந்தக் கணக்கில்தான் ஏறும். வீட்டுக்கு வருபவரிடம் கிராமமா நகரமா என்று வாதாட வேண்டியதில்லை. அதை அவர் உங்களிடம் கேட்கப் போவதும் இல்லை, கையில் இருக்கும் வரைபடத்திலேயே அது குறித்திருக்கும்.